பிள்ளைகளின் பள்ளி வேலையை ஒரே இடத்தில் வைக்க எந்த ஆன்லைன் வசதி சரிவரும்? கேரள எல்லைப்பக்கத்துப் பெற்றோர், ஆசிரியர்கள் சொல்லுங்கள்

வடகரப்பதி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது, மகன் இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது. வீட்டுப்பாடம் அதிகமா குறைவா என்பது என் பிரச்சினை இல்லை. எது எங்கே கிடக்கிறது என்று தெரியாததுதான் பிரச்சினை.

மகளுடைய கதையை மட்டும் சொல்கிறேன். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் ஒன்று, அதில் பாதி அறிவிப்பு மலையாளத்தில், பாதி தமிழில், அவசரம் என்றால் வாய்ஸ் மெசேஜ். இந்திக்கும் சோசியலுக்கும் தனி குரூப். ஒரு டீச்சர் மட்டும் கூகுள் கிளாஸ்ரூமில் போடுவார். போர்டில் எழுதிப் போட்டு டைரியில் குறிக்கச் சொல்வது வேறு. சாயங்காலம் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் டியூஷன், அந்த சார் கையில் இருப்பது தமிழ்நாட்டுக் காலண்டர். இங்கே ஓண லீவு விட்டிருக்கும் நேரத்தில் அங்கே காலாண்டுத் தேர்வு வரும், அதனால் டெஸ்ட் மேல் டெஸ்ட் வைப்பார். ராத்திரி ஒன்பது மணிக்கு "அம்மா, நாளைக்கு சார்ட் வேணும்" என்று கேட்டால் இந்த ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும்?

நானே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்து அவளைத் துரத்திக்கொண்டே இருக்க எனக்கு விருப்பமில்லை. அவளே பார்த்து அவளே நடத்த வேண்டும். நம் தேவைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளக்கூடிய ஆன்லைன் வசதி எதையாவது யாராவது நிஜமாகவே பயன்படுத்துகிறீர்களா? ட்ரெல்லோ, நோஷன், கூகுள் ஷீட் என்று பெயர்கள் மட்டும் தெரியும். எது பள்ளிப் பிள்ளைக்குச் சரிவரும்?

கம்ப்யூட்டர் அண்ணன்:

அக்கா, நான் வேலந்தாவளத்துக்காரன், இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விதம்.

ட்ரெல்லோவில் ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகப் பட்டியல்கள், ஒவ்வொரு வேலையும் ஒரு அட்டை. "செய்யணும்", "செய்கிறேன்", "முடிந்தது" என்று மூன்று பட்டியல் வைத்துக்கொண்டு அட்டையை விரலால் தள்ளித் தள்ளிப் போகலாம். பிராஜக்ட் மாதிரி பல கட்டமாக நடக்கும் வேலைக்கு நல்லது, தினசரிக் கணக்குக்கு அலுத்துவிடும். நோஷன் என்பது வெற்று மனை. என்ன வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் நீங்கள்தான் கட்ட வேண்டும். கூகுள் ஷீட் பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் தேதி வாரியாக அடுக்கலாம், பாடம் வாரியாக வடிகட்டலாம், டிக் பெட்டி வைக்கலாம், பாடப் பெயரைக் கீழிறங்கும் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வைக்கலாம், கெடு நெருங்கிய வரி தானாகச் சிவப்பாகும்படி செய்யலாம். இது கூடுதலாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய சமாச்சாரமும் இல்லை. கேரளப் பள்ளிகளில் ஐசிடி என்ற கம்ப்யூட்டர் பாடத்திலேயே ஷீட் மாதிரியான லிப்ரெஆபீஸ் கால்க் சொல்லித் தருகிறார்கள், உங்கள் மகளுக்கு அட்டவணைத் தாள் புதிதாக இருக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்தச் சேவையும் நிரந்தரமில்லை. கூகுளே 2005இல் ஒன்றைக் கொண்டுவந்தது, பிறகு அதற்கு ஐகூகுள் என்று பெயர் வைத்தது, காலண்டர், செய்தி, குறிப்பு எல்லாவற்றையும் நம் இஷ்டப்படி ஒரே பக்கத்தில் அடுக்கிக்கொள்ளலாம். 2013 நவம்பர் 1ஆம் தேதி மூடிவிட்டார்கள். வேலைப் பட்டியலுக்கென்றே லட்சக்கணக்கானோர் வைத்திருந்த வுண்டர்லிஸ்ட் 2020 மே மாதம் போனது. அதனால் எதில் வைத்தாலும் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷீட்டை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டால் பள்ளி லேபில் இருக்கும் கால்க்கிலும் திறக்கும்.

நோட்டும் பேனாவும்:

நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சொல்வதைக் கேட்டு யாரும் கோபப்பட வேண்டாம். ஒரு டைரி, ஒரு பேனா போதும். வகுப்பில் சொல்லும்போதே கையால் எழுதுகிற பிள்ளைக்குப் பாதி வேலை அங்கேயே மனதில் பதிந்துவிடுகிறது. போனைத் திறந்து வீட்டுப்பாடம் என்ன என்று பார்க்கப் போகும் பிள்ளை அரை மணி நேரம் கழித்துத்தான் போனை வைக்கும், அந்த அரை மணி நேரத்தில் என்ன பார்த்தது என்று நமக்கெல்லாம் தெரியும். ஒன்பதாம் வகுப்புக் குழந்தைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா? பள்ளிகள் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு விடுவதைக் குறைத்தாலே பிரச்சினை தீரும். அதை பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

சித்தூர் டீச்சர்:

சார் சொல்வதில் வாட்ஸ்அப் விஷயம் நூற்றுக்கு நூறு சரி, எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் டைரி போதும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நம் எஸ்.எஸ்.எல்.சி.யில் 80 மார்க் எழுத்துத் தேர்வு உள்ள பாடத்துக்கு 20, 40 மார்க் பாடத்துக்கு 10 என்று தொடர் மதிப்பீட்டு மார்க், அதாவது சி.இ., இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு. அது பரீட்சை ஹாலில் வருவதில்லை. அசைன்மென்ட், பிராஜக்ட், செமினார், யூனிட் டெஸ்ட் என்று வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் வேலைகளில் இருந்து வருகிறது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் தனித்தனிப் பாடம், எல்லாவற்றையும் ஒரே டீச்சர் எடுப்பதில்லை, ஒருவர் கொடுத்த தேதி மற்றவருக்குத் தெரியாது. ஜூன் கடைசியில் "ஓணப் பரீட்சைக்கு முன்னால் கொண்டு வாங்க" என்று ஒரு பிராஜக்ட் சொல்லுவோம். பிள்ளை ஒழுங்காக டைரியில் எழுதும். எந்தப் பக்கத்தில்? அன்றைய தேதிப் பக்கத்தில். மறுநாள் பக்கம் புரட்டியதும் அது கண்ணில் இருந்து மறைந்துவிடும். டைரி என்பது வேலை கொடுத்த நாளைக் காட்டும், கொடுக்க வேண்டிய நாளைக் காட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கெடு தேதிப்படி தானாக அடுக்கிக்கொள்ளும் ஒரு பட்டியல் வேண்டும் என்கிறேன். மற்ற அலங்காரமெல்லாம் இரண்டாம் பட்சம்.

என் வகுப்பில் சில பிள்ளைகள் ஷீட் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுடையதை அவள் அனுமதியோடு சொல்கிறேன். ஐந்தே பத்தி, அதாவது மேலிருந்து கீழாக ஐந்து நெடுவரிசை. பாடம், என்ன வேலை, எப்போது கொடுக்கணும், எங்கிருந்து வந்தது, நிலை. "எங்கிருந்து வந்தது" என்பதில் டைரி, குரூப், கிளாஸ்ரூம், டியூஷன் என்று நான்கு. எனக்கு அந்தப் பத்தி தேவையில்லாததாகத் தோன்றியது, ஆனால் சந்தேகம் வந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்று அதை வைத்துத்தான் அவளுக்குத் தெரிகிறது. நிலை என்ற பத்தியில் நாம் எல்லாரும் முடிந்தது, முடியவில்லை என்று இரண்டு வைப்போம். அவள் மூன்றாவதாக "டீச்சரிடம் கேட்கணும்" என்று ஒன்று வைத்திருக்கிறாள். அந்த வரிகள் மஞ்சளாகத் தெரியும். அவள் வேலை செய்யாமல் வருகிற நாளில் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை, என்ன செய்யச் சொன்னார்கள் என்று புரியாததுதான் காரணம். குரூப்பில் "நாளெ செமினார் ரிப்போர்ட் கொண்டு வரணம்" என்று ஒரு வரி வந்திருக்கும், எத்தனை பக்கம், எந்தத் தலைப்பு, தனியாகவா குழுவாகவா, ஒன்றும் இருக்காது. மஞ்சள் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்துவிட்டு இன்டர்வெல்லில் வந்து கேட்டுவிடுகிறாள். இந்த யோசனையை எந்த ரெடிமேட் செயலியும் அவளுக்குக் கொடுத்திருக்காது. தன் சிக்கல் எங்கே என்று பிள்ளைக்குத்தான் தெரியும், அந்த இடத்தில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ள முடிகிற கருவிதான் வேண்டும். மாற்றிக்கொள்ளும் வசதி என்று நான் மதிப்பது இதைத்தான்.

வண்டிப்பெரியாறு:

டீச்சர் எழுதியதைப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். எஸ்டேட் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் நான் வேலைக்குப் போகும்போது என்னோடு வந்துவிடும். சாயங்காலம் திரும்பினால் மழைக்காலத்தில் கரண்ட் இருக்காது, ரேஞ்ச் கிடைக்க மேல் லயத்து வளைவு வரை போகணும். 2020 ஜூனில் விக்டர்ஸ் கல்வி சானலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற டிவி வகுப்பு தொடங்கியபோது டிவி இருக்கிற வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஆன்லைனில் வை என்றால் எங்களுக்கு எதில் வைப்பது?

கம்ப்யூட்டர் அண்ணன்:

அண்ணா, நியாயமான கேள்வி. இரண்டு வழி தெரிகிறது.

ஒன்று, ஷீட் ஆப்பில் அந்தக் கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்துவைத்தால் ரேஞ்ச் இல்லாமலே திறக்கலாம், எழுதலாம், நெட் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். குறிப்பு எழுதிவைக்கும் கூகுள் கீப் செயலியும் அப்படித்தான். கீப்பில் டிக் பெட்டிப் பட்டியல், நிறம், நினைவூட்டல் மூன்றும் உண்டு, பழைய போனிலும் ஓடும். பத்து நிமிஷம் போன் கையில் கிடைத்தால் போதும்.

இரண்டு, போனே வேண்டாம். பள்ளி லேபில் வாரம் ஒருமுறை பிள்ளை தன் தாளைத் திறந்து புதுப்பித்து, அடுத்த ஏழு நாளுக்கு உள்ளதை மட்டும் வடிகட்டிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரலாம். ஐசிடி பீரியட் எப்படியும் இருக்கிறது. டீச்சர்கள் மனது வைத்தால் நடக்கும்.

சித்தூர் டீச்சர்:

லேபில் பிரிண்டர் வேலை செய்கிறதா என்பது ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கதை. ஆனால் பிரிண்ட் இல்லாவிட்டாலும் அந்த வார வரிகளைப் பார்த்துக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கம்ப்யூட்டர் கிளப் இருக்கிற பள்ளியில் அந்தப் பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுக்கலாம், பெரியவர்களை விட அவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

கோபாலபுரம் ப்ளஸ் டூ:

நான் மாணவி. பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், ஆனால் இது எங்களைப் பற்றிய பேச்சு என்பதால் சொல்லியே ஆகணும்.

நோஷன் பற்றி அண்ணன் சொன்னது சரி. என் கிளாஸில் பாதிப் பேர் நோஷனில் இருக்கிறார்கள். இன்டர்நெட்டில் அழகழகான டெம்ப்ளேட் கிடைக்கும், மேலே பூப்படம், இடது பக்கம் கடிகாரம், நடுவில் பொன்மொழி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை அலங்கரித்து முடிக்கும்போது அக்கவுண்டன்சி கணக்கு அப்படியே இருக்கும். நான் டெம்ப்ளேட் எதையும் எடுக்கவில்லை. என்னுடையதில் ஒரு பக்கம், அதில் ஒரு பட்டியல், பாடத்துக்கு ஒரு நிறம். புதிதாக எதையாவது சேர்க்கத் தோன்றினால் அது இல்லாமல் இந்த வாரம் எனக்கு எந்த வேலை தவறியது என்று கேட்டுக்கொள்வேன். பதில் இல்லையென்றால் சேர்க்கமாட்டேன்.

நேரம் சம்பந்தப்பட்டதெல்லாம் கூகுள் காலண்டரில். ஸ்கூலுக்கு ஒரு காலண்டர், டியூஷனுக்கு ஒரு காலண்டர், வெவ்வேறு நிறம், தேவையில்லாதபோது ஒன்றை மறைத்துவிடலாம். எங்கள் மாதிரி இரண்டு மாநிலத்துக்கு நடுவில் ஓடுகிற பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்ப உதவி. இங்கே கிறிஸ்துமஸ் பரீட்சையும் அங்கே அரையாண்டும் ஒரே வாரத்தில் முட்டும்போது மூன்று வாரம் முன்னாலேயே கண்ணில் படுகிறது, சாரிடம் போய் டெஸ்டை மாற்றித் தரக் கேட்க முடிகிறது.

இன்னொன்று, அம்மா அப்பாக்களிடம். அந்தப் பக்கத்தை நீங்கள் திறந்து ஒவ்வொரு வரியாக ஏன் முடிக்கவில்லை என்று கேட்க ஆரம்பித்தால் நாங்கள் முடிக்காததையும் டிக் போட்டுவிடுவோம். இது மிரட்டல் இல்லை, உள்ளது உள்ளபடி சொல்கிறேன். என் அம்மாவுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறேன். அவர் வாரத்தில் ஒரு நாள்தான் பார்ப்பார், பார்த்துவிட்டு "எதுக்காவது சாமான் வாங்கணுமா" என்று மட்டும் கேட்பார். சார்ட் பேப்பர் பிரச்சினை எங்கள் வீட்டில் இப்படித்தான் தீர்ந்தது.

வடகரப்பதி அம்மா:

கண்ணு, நீ எழுதியதை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

டியூஷன் சார்:

பொள்ளாச்சிப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் கேரளப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கலந்து வருகிறார்கள். மேலே சொன்ன லீவுக் குழப்பம் எங்களுக்கும் உண்டு, வகுப்பில் பாதிப் பேர் பரீட்சையிலும் பாதிப் பேர் விடுமுறையிலும் இருக்கும்போது யாருக்கு என்ன நடத்துவது?

இதைப் படித்த பிறகு என் டெஸ்ட் தேதிகளை ஒரு கூகுள் காலண்டரில் போட்டுப் பிள்ளைகளோடு பகிரப் போகிறேன், அவரவர் காலண்டரில் அது தானாக வந்து உட்காரும், நான் தேதியை மாற்றினால் அங்கேயும் மாறும். ஆனால் பிள்ளைகளின் சொந்தப் பட்டியலில் நான் நுழையமாட்டேன். நான் சொன்ன வேலையை அவர்கள் கையால் அங்கே எழுதட்டும். கிளாஸ் லீடர் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து எழுதிவைத்து மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு அப்பா யோசனை சொன்னார், எனக்கு அது பிடிக்கவில்லை. லீடர் லீவு போட்டால் நாற்பது பேருக்கும் வேலை இல்லாமல் போய்விடும், அதோடு தானே எழுதாத பட்டியலை எந்தப் பிள்ளையும் நம்பிப் பார்க்காது.

மறையூர் அக்கா:

கொஞ்சம் வேறு கோணத்தில் ஒன்று. என் தம்பி மகன் ஏழாவது. படிப்பதிலும் எழுதுவதிலும் அவனுக்குச் சிரமம் உண்டு, டிஸ்லெக்சியா என்று பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் சிறப்பு ஆசிரியர்தான் இந்த வழியைக் காட்டினார். டைரியில் எழுது என்றால் அவனுக்கு அதுவே ஒரு பரீட்சை. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், எழுதியதை வீட்டில் அவனாலேயே படிக்க முடியாது.

இப்போது கீப்பில் வைத்திருக்கிறான். தமிழ் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசுவான், "கணக்கு, பயிற்சி மூணு, வெள்ளிக்கிழமை" என்று எழுத்தாக விழும். கணக்கு நோட்டின் அட்டையில் நீல ஸ்டிக்கர், கீப்பில் கணக்குக் குறிப்பும் நீலம். சயின்ஸ் பச்சை, இரண்டிலும் பச்சை. பெயரைப் படிக்காமலே நிறத்தைப் பார்த்து நோட்டை எடுத்துப் பையில் வைத்துவிடுகிறான். காலையில் பை அடுக்குவதற்கு அழுத பிள்ளை இவன். எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி போனில் மாற்றியிருக்கிறோம். முக்கியமாக, இன்றைக்கு உள்ளதை மட்டும் மேலே பின் செய்துவிட்டு மற்றதையெல்லாம் காப்பகத்தில் போட்டுவிடுகிறோம். இருபது வேலை ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றையும் தொடமாட்டான், இரண்டு தெரிந்தால் இரண்டையும் முடிப்பான்.

அதனால் பெரியவர் சாரிடம் பணிவாகச் சொல்கிறேன். கையால் எழுதினால் மனதில் நிற்கும் என்பது பல பிள்ளைகளுக்குப் பொருந்தும். எழுதுவதே சுவராக நிற்கிற பிள்ளைகளும் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்.

நோட்டும் பேனாவும்:

அம்மா, நீங்கள் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டேன். நிற ஸ்டிக்கர் நல்ல யோசனை, அதற்கு எந்தப் பிள்ளைக்கும் தடை இல்லை. டீச்சர் சொன்ன கெடு தேதி விஷயமும் நான் மறுக்க முடியாதது. ஆனாலும் போன் பிள்ளை கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கவலையை நான் விடுவதாக இல்லை. பட்டியலைப் பார்க்க ஒரு நேரம் என்று வைத்து, அந்த நேரம் முடிந்ததும் போன் திரும்பி வர வேண்டும். அதை யார் உறுதி செய்வது?

சித்தூர் டீச்சர்:

சார், நான் பார்த்தவரை நன்றாக நடக்கிற வீடுகளில் நேரம் நிலையாக இருக்கிறது. டீ குடித்ததும், அல்லது டியூஷனில் இருந்து வந்து முகம் கழுவியதும். அப்போது குரூப்பைத் திறந்து புதிதாக வந்ததைப் பட்டியலுக்கு மாற்றுவது, நாளைக்கு உள்ளதை ஒரு துண்டுத் தாளில் எழுதுவது, போனைக் கொடுத்துவிடுவது. அதன் பிறகு மேஜையில் தாள்தான் இருக்கும். உங்கள் பேனாவுக்கும் அங்கே வேலை இருக்கிறது சார்.

கம்ப்யூட்டர் அண்ணன்:

ஒரு எச்சரிக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஆறாவது படிக்கும் மகனும் இருக்கிறான் என்று அக்கா சொன்னார். இந்தியாவில் தனியாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி மூலம் கணக்கு உருவாக்கி மேற்பார்வை செய்யலாம். வயதை ஏற்றிக் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டாம். 2023ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தை என்றே எடுத்துக்கொண்டு, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

தாளைப் பகிரும்போது "லிங்க் உள்ள எவரும்" என்பதை விடுத்து, குறிப்பிட்ட ஆளின் மின்னஞ்சலைப் போட்டுப் பகிருங்கள். பிள்ளையின் அட்மிஷன் நம்பர், ஆதார், போட்டோ எதுவும் அந்தத் தாளில் தேவையில்லை. பெயர் தெரியாத செயலி எதுவாவது தொடர்பு எண்கள், இருப்பிடம் என்று அனுமதி கேட்டால் மூடிவிடுங்கள், வீட்டுப்பாடப் பட்டியலுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

வடகரப்பதி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மகள் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை, அவளும் மாமா மகளும் சேர்ந்து ஒரு மத்தியானத்தில் போட்டார்கள். தலைப்புகள் தமிழில், டியூஷனுக்கு மட்டும் சாரின் பட்டப்பெயர். டீச்சரின் மாணவி வைத்திருந்த "கேட்கணும்" நிலையை அப்படியே எடுத்துக்கொண்டாள். கூடவே "சாமான்" என்று ஒரு பத்தி. சார்ட், ஸ்கெட்ச், தெர்மோகோல் என்று அதில் எழுதினால் எனக்குத் தெரியும், சந்தை நாளில் வாங்கிவிடுவேன். எனக்குப் பார்க்கும் அனுமதி மட்டும்தான், சாமான் பத்தியைத் தவிர மற்றதைப் பற்றி நான் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். மலையாள அறிவிப்பு புரியாவிட்டால் அதை நகலெடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்க்கிறாள், அப்போதும் சந்தேகம் என்றால் மஞ்சள்.

மகனுக்கு ஆன்லைன் எதுவும் இல்லை. ஸ்டிக்கரும் டைரியும்தான். ஆறாவதுக்கு அது போதும் என்றே எனக்கும் படுகிறது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வாய்ஸ் மெசேஜில் வரும் வேலையை என்ன செய்கிறீர்கள்? ஒவ்வொரு முறையும் முழுதாகக் கேட்க வேண்டியிருக்கிறது, நடுவில் ஒரு தேதி மட்டும் இருக்கும்.

கோபாலபுரம் ப்ளஸ் டூ:

நாங்கள் மெசேஜ் வந்த உடனே ஒருவர் கேட்டுவிட்டு அதற்கே ரிப்ளையாக "அக்கவுண்டன்சி, பயிற்சிக் கணக்கு, 14ஆம் தேதி" என்று எழுதிவிடுவோம். யார் முதலில் கேட்கிறாரோ அவர். பிறகு தேடினாலும் கிடைக்கும். எங்கள் டீச்சர் இப்போது வாய்ஸ் அனுப்பினாலும் கீழே ஒரு வரி அவரே எழுதுகிறார்.

சித்தூர் டீச்சர்:

நாளைக்கு எங்கள் ஸ்டாஃப் குரூப்பில் இதைப் போடுகிறேன். வாய்ஸ் அனுப்பினால் கீழே மூன்று விஷயம், பாடம், வேலை, தேதி. பி.டி.ஏ. கூட்டத்திலும் யாராவது எழுந்து கேளுங்கள், பெற்றோர் கேட்டால் சீக்கிரம் நடக்கும். வண்டிப்பெரியாறு அண்ணா, உங்கள் பள்ளி லேபில் வாரம் ஒருமுறை பிள்ளைகளை உட்கார வைக்க முடியுமா என்று ஐடி கோஆர்டினேட்டரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் போட்ட வெற்றுத் தாளை அனுப்புகிறேன், கால்க்கில் திறக்கும், நெட் வேண்டாம்.

வண்டிப்பெரியாறு:

அனுப்புங்கள் டீச்சர். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிற வேலை இருக்கிறது, அப்போதே கேட்டுவிடுகிறேன். தாளை என் மகள் என் போனில் வாங்கி வைத்துக்கொள்வாள்.